வயிற்றுப் பசி அடங்கியது. மனப் பசி அடங்கவில்லை
பருமன் குறைக்க ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு குமாஸ்தாவின் முதல் மூன்று மாதங்கள்

மும்பை செம்பூரில் குடியிருக்கும் அந்தக் குமாஸ்தாவுக்கு வயது 44. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். போர்ட் பகுதியில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. உயரம் 5 அடி 6 அங்குலம். எடை 124 கிலோ. சர்க்கரை வியாதியும் முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டன. மின்சார ரயிலில் மூன்று பேர் அமரும் பலகையில் நாலாவது ஆளாக ஒண்டிக்கொள்ள அவருக்கு மட்டும் யாரும் இடம் விட்டதில்லை.

பத்தியம், நடை, பட்டினி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் டாக்டர்கள் யோசனைப்படி இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். வயிற்றில் நாலைந்து சிறு துளைகள் போட்டு, இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். தொடக்கத்தில் அதில் 100 முதல் 150 மில்லிக்கு மேல் கொள்ளாது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற சுரப்பு பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில்தான் ஊறுகிறது. அதனால் முதல் மாதங்களில் பசி வெகுவாகக் குறைந்துவிடும்.

பசி போய்விட்டால் அப்புறம் என்ன கவலை என்றுதான் அவரும் எண்ணினார்.

பாலாடை அளவு

ஆபரேஷன் ஆன அன்றே எழுந்து நடக்கவைத்தார்கள். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க இது அவசியம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். முதலில் தண்ணீர், தெளிந்த பருப்புத் தண்ணீர், காரமில்லாத ரசத் தெளிவு. பிறகு மோரும் பாலும். அதையும் 30 மில்லி அளவாக மெல்ல மெல்லப் பருக வேண்டும். மடமடவென்று குடித்தால் நெஞ்சை அடைக்கும். இரண்டு வாரம் இப்படி; பிறகு மசித்த உணவு; அப்புறம் குழைந்த சாதம், இட்லி. ஆறு முதல் எட்டு வாரம் சென்றபின்தான் சாதாரணச் சாப்பாடு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும். வைட்டமின் மாத்திரைகளோ ஆயுள் முழுவதும்.

ஊரிலிருந்து வந்திருந்த தாயாருக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. "என்னலே இது, பச்சப் பிள்ளைக்குப் பாலாடையில ஊத்துத மாதிரில்லா இருக்கு!" என்று கண் கலங்கினார். அவர் கொண்டுவந்த முறுக்கு டப்பா அலமாரியில் ஏறியது. அதை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்திருந்தால் இத்தனை வம்பு வந்திருக்காது.

19-ஆம் நாள்

அன்று மாலை ஆபீசிலிருந்து போன் வந்தது. மீதி லீவுக்குச் சம்பளம் கிடையாது என்று தகவல். மனைவி கடைக்குப் போயிருந்தார். போனை வைத்தவர் நேரே அலமாரிக்குப் போனார். பசியில்லை; இரண்டு முறுக்கு தின்றபின்தான் தின்றது தெரிந்தது. அடுத்த நிமிடம் நெஞ்சில் கல் உட்கார்ந்தது போல் வலி. நுரை நுரையாக வாந்தி. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. இந்த ஆபரேஷனில் டாக்டர்கள் பெரிதும் அஞ்சுவது, தைத்த இடத்தில் கசிவு ஏற்படுவதைத்தான். காய்ச்சல், நாடி வேகமாக அடித்தல், மூச்சு வாங்குதல், தாங்காத வயிற்று வலி ஆகியவை அதன் அறிகுறிகள். ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

திட்டு விழும் என்று தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவரிடம் உணவு ஆலோசகரான அம்மையார் கேட்டது ஒரே கேள்விதான்: "முறுக்கை எடுப்பதற்கு முன்னால் என்ன நடந்தது?"

அந்தக் கேள்வி இருபது வருஷக் கணக்கைக் கிளறிவிட்டது. கல்யாணத்துக்கு முன் தாராவியில் ஐந்து பேரோடு ஒரே அறையில் இருந்த காலம் அது. மேனேஜர் கடிந்துகொண்ட மாலைகளில் ஸ்டேஷன் வாசலில் இரண்டு வடாபாவ். ஊரிலிருந்து கடிதம் வராவிட்டால் இன்னொன்று. அறையில் பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை தட்டு நிறைய பஜ்ஜி. துக்கத்துக்குத் துணையாக இருந்ததெல்லாம் தீனிதான். டாக்டர்கள் இரைப்பையை வெட்டலாம். இந்தப் பழக்கம் அங்கே இல்லை.

வயிற்றுப் பசி மெதுவாக வரும், கஞ்சி கொடுத்தாலும் அடங்கும். மனப் பசி திடீரென்று வரும், பண்டத்தின் பேரைச் சொல்லிக் கேட்கும் என்று அம்மையார் விளக்கினார். சின்ன இரைப்பை இதற்குக் காவலாகாது. ஐஸ்கிரீமும் சிப்ஸும் மிட்டாயும் சுலபமாக இறங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நாள் பூரா கொறித்தால் குறைந்த எடை திரும்பிவிடும். சிலர் தீனியை விட்டுக் குடியைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஆபரேஷனுக்குப் பின் மது சீக்கிரமே ரத்தத்தில் ஏறுவதால் அது இன்னும் கேடு.

மனநல ஆலோசகர் ஒருவரிடமும் அவரை அனுப்பினார்கள். பைத்தியக்கார வைத்தியமா என்று முதலில் முகம் சுளித்தார். இரண்டாம் முறை தானாகவே போனார்.

கணக்கு நோட்டு

எதையாவது வாயில் போடத் தோன்றினால் உடனே மணி, என்ன தோன்றியது, அதற்கு முன் என்ன நடந்தது என்று குறித்துவைக்கச் சொன்னார்கள். கணக்கு எழுதியே பழகிய கை. கட்டம் போட்டு எழுதினார். முதல் வாரத்தில் 31 வரவுகள். அதில் வயிற்றுப் பசி என்று எழுத முடிந்தது நாலே நாலு. மீதியெல்லாம் சம்பளக் கவலை, சும்மா இருந்தது, டி.வி., தாயாருடன் வாக்குவாதம்.

தாயார் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குக் கிளம்பியபோது, மிச்ச முறுக்கைத் தாமே பையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. எடை 102 கிலோ. சர்க்கரை மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார். தலைமுடி கொஞ்சம் கொட்டுகிறது. அது இந்தக் கட்டத்தில் சகஜம் என்கிறார்கள். வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாளே மேனேஜர் ஒரு பழைய பைலுக்காகச் சத்தம் போட்டார். அன்று மாலை ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் கடை முன் கால் நின்றுவிட்டது. மனைவிக்குப் போன் செய்து பத்து நிமிடம் மேனேஜரைத் திட்டித் தீர்த்தார். பிறகு பன்வேல் வண்டி ஏறி நோட்டை எடுத்தார்.

"மணி 6.40. வடாபாவ். பசி இல்லை, கோபம்."