உங்களுக்குத் தெரியுமா? தங்கம் கைமாறிய தீவு

தான்சானியாவின் தென்கரையை ஒட்டிய கில்வா என்ற சிறு தீவு, 14ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலின் பெரிய தங்கச் சந்தை. ஜிம்பாப்வே பீடபூமித் தங்கம் சோஃபாலா துறைமுகம் வழியாக இங்கு வந்து, அரேபியாவுக்கும் இந்தியாவுக்கும் கப்பலேறியது. தந்தமும் அப்படியே. அடிமைகளும் விற்கப்பட்டார்கள், அதை மறைக்கக் கூடாது. பதிலுக்கு இந்தியத் துணியும் கண்ணாடி மணியும் சீனப் பீங்கானும் வந்திறங்கின. 1331இல் வந்த பயணி இப்னு பதூதா, இதை உலகின் அழகான நகரங்களுள் ஒன்று எனக் குறித்தார். 1505இல் போர்ச்சுக்கீசியர் சூறையாடினார்கள். அங்குள்ள பவளக்கல் பள்ளிவாசல் இன்றும் பெருமிதத்தோடு நிற்கிறது.

கில்வா சுல்தான்கள் சொந்தமாகச் செப்புக்காசு அடித்தார்கள். அவற்றில் ஐந்து, 1944இல் எங்கே கிடைத்தன தெரியுமா? ஆஸ்திரேலியாவின் வடகரையில், வெஸ்ஸல் தீவுகளில்! யார் கொண்டுபோனார்கள் என்பது இன்னும் அவிழாத புதிர்.