ஏட்டிலே விளைந்தவை – 9: கோப்பித் துருவைத் தேடி

சென்ற வாரம், ஐக்கிய நாடுகள் உணவு விவசாய ஸ்தாபனத்தார் 1970-களின் நடுவிலே தொடங்கிய 'அக்ரிஸ்' தரவுத்தளத்தையும், இங்கிலாந்தின் 'கேபி' நிறுவனத்தார் நடத்திவரும் ஆய்வுச் சுருக்கத் தொகுப்பையும் பொதுப்படக் கூறினோம். அவற்றைக் கையாளும் முறையை விதிவிதியாக ஒப்புவிப்பதினும், பேராதனை மண்ணுக்கே உரிய விஷயம் ஒன்றை எடுத்துத் தேடிப் பார்ப்பது உசிதமென்று படுகிறது. கோப்பி இலைத்துருவை எடுத்துக்கொள்வோம்.

கண்டிச் சீமையின் மலைச்சரிவுகளையெல்லாம் கோப்பி மூடியிருந்த காலத்தில், 1869-ஆம் ஆண்டு, இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் பொடியாகப் படரும் நோயொன்று தோன்ற, மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் பேராதனைப் பூந்தோட்டத்தின் அதிபராயிருந்த துவெயிட்ஸ் அனுப்பிவைத்த இலைகளை ஆராய்ந்த பெர்க்கிலி என்னும் ஆங்கிலப் பாதிரியார், அப்பூஞ்சணத்துக்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று நாமகரணம் செய்தார். 1880-இல் இங்கு வந்த மார்ஷல் வார்டு, ஏறக்குறைய ஈராண்டு உழைத்து, நோய்க்கு மூலம் அப்பூஞ்சணமே என்பதை ஐயந்திரிபற நிரூபித்தார். ஆயினும் பயிர் பிழைக்கவில்லை. கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது; இந்தியாவிலிருந்து கால்நடையாக வந்து காடழித்த நம்மவர் சந்ததியின் கைகள் கோப்பிப் பழத்தை விட்டுக் கொழுந்துக்கு மாறின.

இனி, பேராதனை விவசாய பீடத்து மாணவர் ஒருவர் இந்நோயைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் துருவைக் குறிக்கும் சொல்லை மட்டும் இட்டால், கோதுமைத் துருவும் சோயாத் துருவும் முண்டியடித்துக்கொண்டு வரும். பூஞ்சணத்தின் இலத்தீன் பெயரை மேற்கோட்குறிக்குள் இட்டால் அக்கூட்டம் விலகிவிடும். ஆனால் அப்பொழுதும், 1970-இல் பிரேசிலிலே நோய் காணப்பட்டபின் தென்னமெரிக்கரும் மத்திய அமெரிக்கரும் எழுதிக் குவித்தவையே முன்வரிசையில் நிற்கும். ஆகவே 'அண்ட்' என்னும் இணைப்புச் சொல்லால் நம் நாட்டின் பெயரைச் சேர்க்க வேண்டும். இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். இந்நாடு ஸ்ரீ லங்கா என்ற பெயரை உத்தியோகபூர்வமாகப் பூண்டது 1972-இல். அதற்கு முன் எழுதியோர்க்கு இது சிலோன். அடைப்புக்குறிக்குள் இரு பெயர்களையும் இட்டு, நடுவே 'ஓர்' என்னும் சொல்லைக் கோத்தாலன்றிப் பழைய கட்டுரைகள் வந்து சேரா. முதற்பக்கத்தில் வந்ததை இறக்கிக்கொண்டு எழுந்துவிடும் அவசரக்காரருக்கு இந்தச் சிறு பிரயத்தனமும் பாரமாய்த் தோன்றும். அவர்களுடைய ஆய்வேடுகளில் இலங்கைக் கோப்பியின் சரித்திரம் ஒற்றை வாக்கியத்தோடு முடிந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

பெயரைச் சரியாக இட்டாலும், தரவுத்தளத்துக்கும் ஒரு ஞாபக எல்லை உண்டு. அக்ரிஸ் பிறந்தபோதே வார்டின் அறிக்கைகளுக்கு ஏறத்தாழ நூறு வயதாகிவிட்டது. கேபியின் பழைய சுருக்கங்களைச் சேர்த்த தொகுப்பு 1910 வரை பின்னோக்கிச் செல்கிறதெனினும், கோப்பி மடிந்த காலம் அதற்கும் முந்தியது. வேறெந்த நாட்டாருக்கும் இது பெருங்குறையன்று. உலகுக்கே இந்நோயை அறிமுகஞ்செய்த ஊரில் இருந்துகொண்டு தேடுபவருக்கோ, வேண்டிய பொருளில் முக்கியமான பாகம் அவ்வெல்லைக்கு அப்பால் கிடக்கிறது. கொழும்பில் பெர்குசன் குடும்பத்தார் 1881-இல் தொடங்கிப் பின்னாளில் விவசாயத் திணைக்களத்தின் வெளியீடாகிய 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்' சஞ்சிகையின் ஆரம்பத் தொகுதிகளைப் புரட்டினால், நோயால் நொந்த துரைமார் தத்தம் தோட்ட விவகாரங்களைச் சண்டை பிடித்தாற்போல் எழுதியிருப்பதைக் காணலாம். கூலிக்காரரின் குரல் அங்கே இல்லை என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

அவ்வெல்லையைத் தாண்டுவதற்கு நூலகர்கள் சொல்லும் உபாயம் எளிது. அண்மைக் காலக் கட்டுரை ஒன்றைப் பிடித்து, அதன் இறுதியிலுள்ள மேற்கோள் பட்டியலைப் படித்து, அதிலிருந்து அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று படியிறங்கிச் சென்றால், கணினி கைவிட்ட இடத்திலிருந்து வார்டின் பெயர் வரையிலும் போய்ச் சேரலாம். பிறகு அப்பெயரையும் ஆண்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, தட்டுகளுக்கு இடையே செல்ல வேண்டியதுதான். ஒரு நூலகத்தில் இல்லாத தொகுதி இன்னொன்றில் இருக்கும். பல்கலைக்கழக நூலகமும் திணைக்கள நூலகமும் ஆற்றின் இரு கரைகளில் இருப்பதால், கால்வலிக்கும் அதிக இடமில்லை.

உள்நாட்டுச் சஞ்சிகைகளின் பிற்காலக் கட்டுரைகளுக்கு 'ஸ்ரீ லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' என்னும் இணையத் தொகுப்பு உண்டு; பேராதனைப் பட்டப்பின் படிப்பு விவசாய நிறுவகத்தின் 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரல் ரிசேர்ச்' அதிலே இலவசமாகக் கிடைக்கிறது. பிற தேசத்துத் தரவுத்தளங்களிலே பின்வரிசையில் ஒதுங்கிப் போகும் நம்மூர் வயல்களின் பெறுபேறுகளுக்கு அதையே முதலில் திறப்பது நலமென்பது என் அபிப்பிராயம். அடுத்த இதழில், நெல்வயலைப் பாழாக்கும் கபிலநிறத் தத்தியை இவ்வண்ணமே தேடிப் பார்ப்போம். அங்கே இடர் கட்டுரைகளின் பஞ்சமன்று, மிகுதி.