ரெண்டு மூட்டை மிளகாய்

மகள் கம்ப்யூட்டரில் 'ஆல் மை சன்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தைப் போட்டுக் காட்டினாள். ஆர்தர் மில்லர் நாடகம், 1948ல் படமானது. போர்க்காலத்தில், விரிசல் விட்ட விமான இன்ஜின் பாகங்களை விற்று விடுகிறார் முதலாளி. 21 விமானிகள் பலி. ஜெயிலுக்குப் போவதோ கூட்டாளி! கேட்டால், குடும்பத்துக்காகத்தான் செய்தாராம். எட்வர்டு ஜி. ராபின்சன் நடிப்பு, அப்பப்பா! ஆனால் என்னை உறுத்தியது அவர் மனைவிதான். எல்லாம் தெரிந்தும் வாய் திறக்கவில்லையே!

எங்களுக்கு மசாலாப் பொடி வியாபாரம். மழையில் பூஞ்சை பிடித்த ரெண்டு மூட்டை மிளகாயை, "நல்லதோட கலந்துடலாம், பிள்ளைங்க ஃபீஸ் கட்டணுமில்ல" என்றிருந்தார் என்னவர். நானும் பேசாமல்தான் இருந்தேன். படம் முடிந்ததும், "நீங்க கொட்டலேன்னா நானே கொட்டிடுவேன்"னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூணாம் நாள், அவரே குழி தோண்டிப் புதைச்சுட்டு வந்து காபி கேட்டார்.

- ஒரு வாசகி, விருதுநகர்.