சங்கம் நூல் கொடுத்தால்தான் தறி ஓடும்: புதுச்சேரி கைத்தறியின் கணக்கு என்ன?

விமான நிலையம், தாகூர் அரசு கலைக் கல்லூரி, ஹெலிபேட் மைதானம். லாஸ்பேட்டை என்றதும் இன்று நினைவுக்கு வருபவை இவைதான். ஆனால் அந்தப் பெயரில் இருக்கும் 'லா' யார் தெரியுமா? பிரெஞ்சு ஆளுநர் ழான் லா தெ லொரிஸ்தோன். ஆங்கிலேயர்கள் 1761-ல் பிடித்து இடித்துத் தள்ளிய புதுச்சேரியை, 1765-ல் திரும்பப் பெற்று மறுபடி கட்டி எழுப்பியவர். பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு ஒரு பெரிய காரணம், துணி.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினம் வந்தால் எல்லோரும் புடவை போட்டோ போடுகிறோம். அந்தப் புடவைக்குப் பின்னால் இருக்கும் நெசவாளர் சங்கம் என்ன செய்கிறது, அது தடுமாறினால் யாருக்கு அடி விழுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஆப்பிரிக்கா வரை போன நீலத் துணி

புதுச்சேரி வட்டாரத்தில் நெய்து, அவுரிச் சாயம் ஏற்றிய நீலத் துணிக்கு 'கினே' என்று பெயர். கப்பலில் பிரான்ஸ் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. அங்கே அது வெறும் உடுதுணி இல்லை, கிட்டத்தட்ட பணம். அந்தத் துணியைக் கொடுத்துத்தான் மரப்பிசினை வாங்கினார்கள் பிரெஞ்சு வணிகர்கள்.

19-ம் நூற்றாண்டில் மில்கள் வந்தன. சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பெரிய ஆலைகள். 1936 ஜூலை 30-ம் தேதி சவானா மில் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து, 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். எட்டு மணி நேர வேலை உரிமைக்காக இந்த ஊர் கொடுத்த விலை அது. 1898-ல் தொடங்கிய ரோடியர் மில், பின்னாளில் ஏ.எஃப்.டி. ஆகி, 2020 ஏப்ரல் 30-ம் தேதி மூடப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் வீட்டுத் தறிகள் கூட்டுறவுச் சங்கங்களை நம்பி ஓடிக்கொண்டிருந்தன.

கதர் வேற, கைத்தறி வேறயா?

ஆமாம், வேறதான். கையால் நூற்ற நூலைக் கையால் நெய்தால் அது கதர். மில்லில் நூற்ற நூலைக் கைத்தறியில் நெய்தால் அது கைத்தறி. இன்று கடையில் நாம் வாங்கும் கைத்தறிப் புடவை பெரும்பாலும் இரண்டாவது வகை.

கை நூற்பை வேகப்படுத்தப் பல கதிர்கள் கொண்ட 'அம்பர் சர்க்கா' வந்ததில் தமிழர் பங்கு உண்டு. அதை உருவாக்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன். அந்தப் பெயரிலிருந்துதான் 'அம்பர்' வந்தது.

40-ம் நம்பர் நூல் என்கிறார்களே, அது என்ன கணக்கு? ஒரு சிட்டத்தில் 840 கெஜம் நூல். ஒரு பவுண்டு எடையில் இப்படி 40 சிட்டம் இருந்தால் அது 40-ம் நம்பர். அதாவது அரை கிலோவுக்கும் குறைவான பஞ்சு, 30 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. நம்பர் கூடக் கூட நூல் மெலியும், நெய்ய நேரமும் கூடும்.

சங்கம் என்ன செய்கிறது?

மொத்தமாகச் சிட்ட நூல் வாங்கி, சாயம் போட்டு, பாவு தயார் செய்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறது. அவர்கள் வீட்டில் நெய்து துணியைத் திருப்பித் தருகிறார்கள். தரம் பார்த்துக் கூலி கணக்காகிறது. துணியை விற்பது சங்கத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் போல, புதுச்சேரியில் பாண்டெக்ஸ் இருக்கிறது.

சங்கம் இல்லையென்றால்? நெசவாளர் தனியார் முதலாளியிடம் போக வேண்டும். நூலும் அவருடையது, விலையும் அவர் சொல்வது. முன்பணம் வாங்கிவிட்டால் வேறு இடத்துக்கு நகரவும் முடியாது. இந்தப் பிடியிலிருந்து வெளியே வரத்தான் கூட்டுறவுச் சங்கம்.

சிக்கல் எங்கே?

பணச் சுழற்சியில். நூல் இன்று வாங்க வேண்டும். கூலி அடுத்த வாரம் கொடுக்க வேண்டும். துணி விற்பதோ தீபாவளிக்கும் பொங்கலுக்கும். நடுவில் சங்கத்தின் பணம் அலமாரியில் துணியாக மடிந்து கிடக்கிறது. தள்ளுபடி விலையில் விற்றால், அந்தத் தள்ளுபடிக்கான தொகையை அரசு தர வேண்டும். அது தாமதமானால் சங்கத்தால் நூல் வாங்க முடியாது. நூல் இல்லையென்றால் பாவு இல்லை. பாவு இல்லையென்றால் தறி நிற்கும். நெசவாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது, நெய்த துணிக்குத்தான் கூலி. தறி நின்ற நாளில் வருமானம் பூஜ்யம்.

2019-20-ல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்வது இது: நாட்டில் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழ். தார் சுற்றுவது, பாவு பிணைப்பது என்று வீட்டில் இன்னொருவர் செய்யும் வேலையும் பெரும்பாலும் அதே கூலிக்குள் அடங்கிவிடுகிறது. இந்த வருமானத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகள் தறிக்குழியில் ஏன் இறங்கப் போகிறார்கள்?

இன்னொரு அடி, விசைத்தறி. 1985-ம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய துணி 'கைத்தறி' என்ற பெயரில், பாதி விலைக்குச் சந்தைக்கு வருகிறது. பார்வைக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

ஒன்று, 2006-ல் அறிமுகமான கைத்தறி முத்திரை துணியில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, 'கதரா, கைத்தறியா, விசைத்தறியா?' என்று கடையில் நேரடியாகக் கேளுங்கள். பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். மூன்று, சங்கக் கடையிலோ கூட்டுறவு விற்பனை நிலையத்திலோ வாங்குங்கள்.

முடிந்தால் பண்டிகை இல்லாத மாதத்தில் வாங்குங்கள். தீபாவளிக் கூட்டத்தில் ஒரு புடவை கூடுதலாக விற்பதைவிட, ஜூன் மாதம் விற்கும் ஒரு புடவை சங்கத்துக்குப் பெரிய உதவி. ஏன்னா, அந்தப் பணம்தான் அடுத்த பாவுக்கான நூல்.