குடும்பக் கணக்கு – 9: அசலைத் தொடும் பணம்

சென்ற வாரம், வீடு வாங்குகிறவர் பார்க்க வேண்டிய மூலப் பத்திரங்களைப் பற்றியும் வில்லங்கச் சான்றைப் பற்றியும் எழுதினேன். அந்தப் பத்திரங்களை வங்கியின் பெட்டகத்தில் ஒப்படைத்துவிட்டுப் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறிய ஒரு குடும்பம், இருபது வருஷ காலம் மாதந்தவறாமல் கட்டுவதாக ஒப்புக்கொண்ட கடனை, அடுப்படியையும் பிள்ளைகளின் படிப்பையும் வயோதிகர்களின் வைத்தியத்தையும் வாட்டாமல், காலத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்வது எவ்வாறு என்பதே இந்த வாரத்து விஷயம். இதில் நானும் என் மனைவியும் சேர்ந்து செய்த பிழை ஒன்றும், அந்தப் பிழைக்குப் பிறகு அவள் கண்டுபிடித்த மார்க்கம் ஒன்றும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. 2017-ஆம் ஆண்டு திருச்சியில் நாங்கள் வீடு வாங்கியபோது பெற்ற கடன் 30 லட்சம் ரூபாய். வட்டி நூற்றுக்கு எட்டரை, தவணைகள் 240, மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதம் கட்டிய தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போக, அசலில் கழிந்தது 4,785 ரூபாய்தான். வட்டி விகிதம் மாறாமலே இருந்ததாக வைத்துக்கொண்டாலும், ஐந்து வருஷ முடிவில் 15 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய் கட்டி முடித்திருக்கும் குடும்பத்துக்கு அசல் குறைந்திருப்பது ஏறக்குறைய 3 லட்சத்து 56 ஆயிரம். தவணையில் அசலின் பங்கு வட்டியின் பங்கை மிஞ்சுவதைக் காண அது பன்னிரண்டாவது வருஷத்தின் கடைசி வரை காத்திருக்க வேண்டும். 240 தவணைகளும் முடிந்த பின் கூட்டிப் பார்த்தால், வட்டியாக மட்டும் 32 லட்சத்து 48 ஆயிரம் ரூபாய் போயிருக்கும்.

இதில் வஞ்சகம் ஏதும் இல்லை. நிலுவையில் நிற்கும் அசலுக்குத்தான் வட்டி. ஆரம்பத்தில் அசல் பெரிது, ஆகையால் வட்டியும் பெரிது. ஆனால் இந்த ஏற்பாட்டினால், முன்னே கொடுக்கும் ரூபாய்க்கும் பின்னே கொடுக்கும் ரூபாய்க்கும் பலத்தில் உண்டாகும் பேதத்தைக் கடன் வாங்கியவர்களில் மிகச் சிலரே சிந்தித்துப் பார்க்கிறார்கள். மேற்சொன்ன கடனில், முதல் வருஷ முடிவில் ஒரு லட்சம் ரூபாயைத் தவணைக்கு மேலாக அசலில் கட்டினால், கடைசியில் பதினெட்டுத் தவணைகள் உதிர்ந்துபோகின்றன. கட்டிய லட்சம் போக மூன்றரை லட்சத்துக்கு மேல் மிச்சம். அதே லட்சத்தைப் பதினைந்தாவது வருஷ முடிவில் கட்டினால் மிஞ்சுவது சுமார் 50,000 ரூபாய்தான். ஓய்வு பெறும்போது கிடைக்கும் பணத்தில் கடனை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று இருப்பவர்கள், வட்டியின் பெரும்பகுதியைக் கட்டித் தீர்த்த பிறகுதான் அடைக்க வருகிறார்கள் என்பதை இதிலிருந்து கண்டுகொள்ளலாம்.

இன்னொரு விஷயம். இவ்வாறு பணம் கட்டும்போது, தவணைத் தொகையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்ற தீர்மானம் ஒன்று உண்டு. முதல் வருஷத்து லட்சத்துக்குத் தவணைத் தொகையைக் குறைத்துக்கொண்டால் மாதம் 885 ரூபாய் கையில் நிற்கும். கடைசிவரை கூட்டினாலும் வட்டியில் மிச்சம் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். காலத்தைக் குறைத்தால் கிடைப்பது அதைப்போல மூன்றரை மடங்கு. ஆகவே விண்ணப்பத்தில் ‘காலத்தைக் குறைக்கவும்’ என்று தெளிவாக எழுதிக் கொடுத்து, மாற்றிய அட்டவணையையும் கையோடு கேட்டு வாங்க வேண்டும். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் உண்டோ என்ற பயம் பலருக்கு இன்னும் இருக்கிறது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடன்களுக்கு வங்கிகள் அப்படி வசூலிக்கக் கூடாதென்று 2012 ஜூன் மாதமே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுவிட்டது. நிலையான வட்டியில் வாங்கியவர்கள் மாத்திரம் தங்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட உற்சாகத்தில்தான் நாங்கள் பிழை செய்தோம். முதல் வருஷம் முழுவதும் வீட்டுச் செலவை இறுக்கினோம். பாலில் அரை லிட்டர் குறைந்தது. மகளின் வயலின் வகுப்பு நின்றது. வெள்ளிக்கிழமைப் பூவைக்கூட என் மனைவி நிறுத்திவிட்டாள். அவ்வாறு மாதம் மூவாயிரமாகச் சேர்த்ததையும், கல்யாண காலத்திலிருந்து கையிருப்பாக வைத்திருந்ததையும் திரட்டி ஒன்றரை லட்சம் ரூபாயை அசலில் கட்டிவிட்டு, பெரிய காரியம் சாதித்ததாக மனநிறைவு அடைந்தோம். இரண்டு மாதம் கழிந்தது. என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலைக்குள் பணம் வேண்டும். அசலில் சேர்ந்துவிட்ட பணத்தைத் திரும்பக் கேட்க வழியில்லை. மனைவியின் வளையல்களும் சங்கிலியும் அடகுக்குப் போயின. எட்டரை வட்டிக் கடனைக் குறைத்த அதே கையால் பன்னிரண்டு வட்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அந்த மாலையை நான் மறக்கவில்லை.

தாயார் தேறி நடமாடத் தொடங்கிய பிறகு ஒருநாள் இரவு, என் மனைவி பழைய கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “ஏங்க, அடுப்படியில மிச்சம் பிடிச்சது மாசம் மூவாயிரம். போன தீபாவளிக்கு வந்த போனஸ் எங்கே போச்சுன்னு ஒரு தடவை எழுதிப் பாருங்களேன்” என்றாள். எழுதிப் பார்த்தோம். போனஸ், அகவிலைப்படி நிலுவை, விடுப்பைச் சரண் செய்து பெற்றது, காப்பீட்டுப் பாலிசியில் இடையில் வந்த தொகை, அவள் பிறந்தகத்து நிலக் குத்தகையில் அவள் பங்கு என, மாதச் சம்பளத்தில் சேராமல் அந்த ஒரு வருஷத்தில் வீட்டுக்குள் வந்த பணம் 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். மகளின் வயலினையும் நிறுத்தி நாங்கள் சேமித்தது 36,000. சோபா, புதுக் கைபேசி, இரண்டு கல்யாணத்து மொய் ஆகியவை போக, அந்த லட்சத்து எண்பதாயிரத்தில் பாதிக்கு மேல் எதற்குச் செலவாயிற்றென்று இருவராலும் நினைவுபடுத்திச் சொல்ல முடியவில்லை.

மாதச் சம்பளத்துக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காவல் இருக்கிறது. மளிகையும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதை எதிர்பார்த்து நிற்கின்றன. மாதத்துக்கு வெளியே வரும் பணத்துக்கு அத்தகைய காவல் இல்லை. அது எந்தச் செலவுக்கும் உரியதாக இல்லாததனாலேயே எல்லாச் செலவுக்கும் உரியதாகிக் கரைந்துபோகிறது. கடனை அடைக்க வேண்டியது இந்தப் பணத்தினால்; உணவையும் கல்வியையும் மருந்தையும் சுருக்கியல்ல. இதுவே என் மனைவி கண்ட மார்க்கம், என் திடமான அபிப்பிராயமும் இதுவே.

அதன் பிறகு ஒழுங்கை மாற்றினோம். முதலில் நகைகளை மீட்டோம், ஏனெனில் அதிக வட்டிக் கடன் ஒன்று நிற்கும்போது குறைந்த வட்டிக் கடனை முந்தி அடைப்பது வீண் பிரயத்தனம். கடன் அட்டையில் பாக்கி வைத்து வருஷத்துக்கு நூற்றுக்கு முப்பத்தாறுக்கும் மேல் வட்டி கொடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அடுத்து, ஆறு மாதத்து வீட்டுச் செலவும் ஆறு தவணையும் சேர்ந்த தொகையை நிரந்தர வைப்பில் போட்டு, அதை மறந்துவிட்டோம். அதற்குப் பிறகுதான் அசல்: மாதத்துக்கு வெளியே எந்தப் பணம் வந்தாலும் அந்த வாரத்துக்குள்ளேயே பாதி அசலுக்கு, பாதி வீட்டின் ஆசைகளுக்கு. வயலின் வகுப்பு மறுபடி ஆரம்பமாயிற்று. வெள்ளிக்கிழமைப் பூவும் வந்தது.

வரிச்சலுகை போய்விடுமே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வரிமுறையில், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு வருஷத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. புதிய முறையில் அதுவும் இல்லை. இருபது சதவீத வரி கட்டுகிறவர் இருபது ரூபாய் வரியை மிச்சம் பிடிப்பதற்காக நூறு ரூபாய் வட்டி கொடுத்துக்கொண்டிருப்பதில் லாபம் எங்கே இருக்கிறது?

வட்டி விகிதம் மாறும்போதும் கண் வைத்திருக்க வேண்டும். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து ஆறரைக்கு ஏறியபோது, பல வீடுகளில் தவணைத் தொகை மாறாமலிருக்க, காலம் மட்டும் சொல்லாமல் நீண்டுபோயிற்று. தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கடன்தாரருக்குக் கொடுக்க வேண்டுமென்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுங்கள்.

எங்கள் கடன் இன்னும் தீரவில்லை. முதல் அட்டவணையில் கடைசித் தவணை 2037-இல் இருந்தது. இப்போது வங்கி காட்டும் வருஷம் 2029. உங்கள் கடனுக்கும் அத்தகைய அட்டவணை ஒன்று இருக்கிறது. இந்த மாதமே அதைக் கேட்டு வாங்கி, சென்ற வருஷம் சம்பளத்துக்கு வெளியே வந்த பணத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, கணவனும் மனைவியுமாக ஓர் இரவு உட்கார்ந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். கடன் தீர்ந்தபின் பத்திரங்களை மீட்பதைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.