எண் மாறாமல் நிறுவனம் மாறுதல்

புனே நகரில் கைபேசிச் சேவை அளிக்கும் நிறுவனங்கள் பல இருந்தும், சந்தாதாரருக்கு நெடுங்காலம் உண்மையான தேர்வுரிமை இருந்ததில்லை. ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றை நாடுபவர் தம் பழைய எண்ணை இழக்க நேர்ந்தது. வணிகருக்கு எண்ணை இழப்பது வாடிக்கையாளரையே இழப்பதற்கு ஒப்பாகும். ஆகவே குறைகளைப் பொறுத்துக்கொண்டோர் பலர்.

2011 ஜனவரி 20ஆம் தேதி நாடெங்கும் அமலுக்கு வந்த எண் பெயர்ச்சித் திட்டம் இத்தடையை நீக்கியது. முன்னர் எண்ணின் முதல் சில இலக்கங்களே அதற்குரிய நிறுவனத்தைக் காட்டிவந்தன. பெயர்ந்த எண்ணுக்கு அவ்வடையாளம் பொருந்தாது. ஆதலால், அழைப்பை இணைக்குமுன் அவ்வெண் இப்பொழுது எந்நிறுவனத்தின் வசம் உள்ளது என்பது கணினிப் பதிவேட்டில் பார்க்கப்படுகிறது.

ஆயினும் புனேவாசிகளுக்கு ஒரு சங்கடம் எஞ்சியிருந்தது. தொலைத்தொடர்பு நிர்வாகத்தில் மும்பை தனி வட்டம். புனேயோ, கோவாவும் அடங்கிய மகாராஷ்டிர வட்டத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மும்பைக்கு மாற்றலாகிச் சென்றவர், அவ்வட்டத்து நிறுவனத்தில் சேரப் புது எண் பெற வேண்டியிருந்தது. வெகு தொலைவிலுள்ள நாகபுரிக்குச் சென்றவருக்கோ அத்தொல்லை இல்லை! 2015 ஜூலையில் வட்டம் கடந்த பெயர்ச்சியும் அனுமதிக்கப்பட்ட பின்னரே இது தீர்ந்தது.

பெயர்ச்சி வேண்டுவோர் 'போர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் தம் எண்ணையும் 1900க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, பெறும் குறியீட்டைப் புதிய நிறுவனத்திடம் அளித்தல் வேண்டும். கெடு கடந்த கட்டணம் நிலுவையில் இருப்பினும், இணைப்புப் பெற்று 90 நாட்கள் நிறையாவிடினும் குறியீடு கிடைக்காது. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வட்டத்துக்குள் பெயர்ச்சி 3 வேலை நாட்களிலும், வட்டம் கடந்தது 5 வேலை நாட்களிலும் முடிவுறல் வேண்டும்.