பெயர் எழுதியவரும் பானை வனைந்தவரும்

சிவகங்கை மாவட்டத்தில், வைகைக் கரையிலுள்ள கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்று பண்டைய தமிழி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் எழுத்துள்ள ஓடுகள் 56. பெரும்பாலானவை பானையைச் சுட்ட பிறகு கீறியவை. கையெழுத்தும் ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. எழுதியவர்கள் குயவர்கள் அல்ல, பானைக்குச் சொந்தக்காரர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுவது அதனால்தான். வனைந்தவர் யாரென்று அந்த ஓடுகள் சொல்வதில்லை.

அவருடைய கைத்திறனை மட்டும் இன்றும் பார்க்கலாம். கருப்பு-சிவப்புப் பானைகளைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள். காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்தன. காற்றுப்பட்ட வெளிப்புறம், மண்ணிலிருக்கும் இரும்பால் சிவந்தது. தனியாகச் சாயம் பூசாமலே இரண்டு நிறம்! எழுத்தைக் கண்டு பூரிக்கும் நாம், இந்தச் சூளையை ஆண்டவரையும் அதே பெருமையோடு பேச வேண்டும்.

அதே வைகைக் கரையில், அதே சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது மானாமதுரை. கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் கடத்துக்குப் பேர்போன ஊர். சக்கரத்தில் வனைந்த பச்சைப் பானையைச் சற்றே உலரவிட்டு, உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டுகிறார்கள். ஒன்றிரண்டு தட்டல்ல, ஆயிரக்கணக்கில். சுவர் எங்கும் ஒரே கனமாக இறுக வேண்டும். ஓரிடம் மெலிந்தாலும் நாதம் கெட்டுவிடும். எந்தச் சுருதிக்கு எவ்வளவு பெரிய பானை, எவ்வளவு கனம் என்பதெல்லாம் சூளைக்குப் போகும் முன்பே முடிவாக வேண்டிய கணக்கு.

இந்தத் தட்டும் வேலையில் தேர்ந்தவர் மீனாட்சி கேசவன். கடம் செய்ததற்காக 2013-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது அவருக்குக் கிடைத்தது. வாசிப்பவருக்குக் கிடைத்துவந்த மரியாதை, செய்தவர் வீட்டுக்கும் வந்த தருணம் அது. மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு வந்தது 2023-இல்.

இந்தத் தொழிலுக்கு வேண்டிய மண் கண்மாய்களில் இருக்கிறது. ஆனால் அதை அள்ள அரசு அனுமதி வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டாலோ வனைந்தது காயாது, சூளை மூட்ட முடியாது. வேலையில்லாத அந்த மாதங்களுக்கு அரசு தரும் மழைக்கால நிவாரணத்தை உயர்த்தித் தருமாறு மண்பாண்டத் தொழிலாளர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள்.